முதலில் வேலை, பிறகு எம்பிஏ

பிளஸ் டூ முடித்த கையோடு ஐஐஎம்முக்குள் நுழையலாம் என்ற ஏற்பாட்டை 2011-ல் இந்தூர் ஐஐஎம் தொடங்கிவைத்தது. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. ரோத்தக், ராஞ்சி என்று அது பரவியது. இப்போது கோழிக்கோடு ஐஐஎம் கொச்சியில் நிர்வாகவியல் இளநிலைப் பட்டமே தருகிறது. இதைப் புரட்சி என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு சம்பளப் பட்டியலைக்கூடப் பார்த்திராத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எதை நிர்வகிக்கக் கற்றுத்தரப் போகிறார்கள்?

ஹார்வர்டைப் பாருங்கள். அங்கே கல்லூரி இறுதியாண்டு மாணவரும் எம்பிஏவுக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கொடுத்துவிட்டு, 'குறைந்தது இரண்டு ஆண்டுகள் எங்காவது வேலை பார்த்துவிட்டு வா' என்று அனுப்பிவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை வகுப்பில் போட்டு அலசுவதுதான் அவர்களின் பாடமுறை. அலச அனுபவம் வேண்டும். அதே ஹார்வர்டின் துணையோடு 1961-ல் பிறந்த அகமதாபாத் ஐஐஎம், பாடமுறையை வாங்கிக்கொண்டது. ஆனால், அதன் இரண்டாண்டுப் படிப்பில் முன்அனுபவம் இல்லாதவரும் சேரலாம். அங்கேயே நடக்கும் ஓராண்டுப் படிப்புக்கோ நான்கு ஆண்டு அனுபவம் கட்டாயம். ஒரே வளாகத்தில் இரண்டு நியாயம்!

பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பில் இருந்த இந்திரா நூயியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து கல்கத்தா ஐஐஎம். பிறகு மேட்டூர் பியர்ட்செல், ஜான்சன் அண்டு ஜான்சன் என்று வேலை. அதன்பிறகே யேல். அங்கே அவர் 1980-ல் வாங்கியது எம்பிஏ அல்ல. பொது, தனியார் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம். கல்கத்தாவுக்கு அவர் கல்லூரியிலிருந்து நேராகத்தானே போனார் என்று மடக்குவார்கள். போனார், வேலை பார்த்த பிறகு மறுபடியும் படிக்கப் போக வேண்டியிருந்ததே!

இளம் வயதிலேயே படித்தால் காலம் மிச்சம் என்பது கோச்சிங் சென்டர்காரர்களின் வாதம். அதற்குப் பதில் தேவையில்லை. நம் ஊர்க் கல்லூரிகளின் நிலவரம் ஐஐஎம்களைவிட மோசம். பொறியியலில் அரியர் முடித்து, ஐடி வேலை அமையாமல், 'சும்மா இருப்பதற்கு' டான்செட் நுழைவுத்தேர்வு எழுதிப் பக்கத்துக் கல்லூரியில் எம்பிஏ சேர்கிறார்கள். இதற்குப் பெயர் உயர்கல்வியா? வேலையின்மையை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட, அப்பா கட்டும் வட்டி இது.

எந்தப் பட்டம் என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2018-ல் ஐஐஎம் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஐஐஎம்கள் கொடுத்தது டிப்ளமோதான். அதைக் காரணம் காட்டி எந்தக் கம்பெனி அவர்களைத் திருப்பி அனுப்பியது? சான்றிதழில் உள்ள எழுத்துகளைவிடப் படிப்பின் அமைப்பைப் பாருங்கள். துறை மாற நினைப்பவருக்கு இரண்டாண்டுப் படிப்பு. நடுவில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் இருப்பதால் புதுத் துறையைத் தொட்டுப் பார்க்கலாம். இருக்கும் துறையிலேயே மேலே போக ஓராண்டு போதும். ஹைதராபாத் ஐஎஸ்பி அதற்கு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது, சரியாகவே கேட்கிறது.

இரண்டு ஆண்டுகள் வேலை பார்க்காத எவருக்கும் நாட்டின் எந்தக் கல்லூரியும் எம்பிஏ இடம் தரக் கூடாது என்று மத்திய அரசு சட்டமே போடலாம். பாதிக் கல்லூரிகள் மூடப்படும் என்றால் மூடப்படட்டும். அதுவரை பெற்றோர்களே, பிள்ளைக்குக் கிடைத்த வேலை சின்னதாக இருந்தாலும் சேரச் சொல்லுங்கள். ஐஐஎம்களில் சேருவதற்கான கேட் தேர்வு எங்கும் ஓடிவிடாது. ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கத்தான் போகிறது.