மேடையேறிய மொழியும் மேடையேறா மொழியும்

ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி ஆண்டுதோறும் நடத்தும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலே ஸ்பெயின் தேசம் 1961 ஆம் ஆண்டு முதலாகப் பங்குபற்றி வந்தது. 2025 வரை நடைபெற்ற போட்டி எதனையும் அது தவறவிட்டதில்லை. அத்தேசத்தின் அரச ஒலிபரப்பு நிறுவனம், 2026 ஆம் ஆண்டுப் போட்டியிற் சேர்வதில்லையென 2025 டிசம்பரில் அறிவித்தது. காசாப் போரைக் காரணங் காட்டி, இஸ்ரேலின் பங்கேற்பை அது எதிர்த்தது. இஸ்ரேலுக்கு இடமளிக்கப்படவே தான் விலகிற்று. ‘பாட்டிலே அரசியல் புகலாமோ?’ என வினவுவார் உளர். அது புகுந்தது இன்றன்று என்பதே என் விடை. எம்மொழியிற் பாடுவது என்னும் வினா எழுந்த அன்றே புகுந்துவிட்டது. அதற்கு ஒரு பாட்டின் வரலாறு சான்றாகும்.

அப்பாட்டின் பெயர் ‘எரேஸ் தூ’. ‘நீயே’ என்பது பொருள். ஹுவான் கார்லோஸ் கால்தெரோன் என்பார் இயற்றியது. பில்பாவோ நகரிலே தோன்றிய ‘மொசெதாதெஸ்’ என்னும் குழுவினர் அறுவர், 1973 ஏப்ரல் 7 ஆந் திகதி லக்சம்பேர்க் நகர மேடையில் இதனைப் பாடினர். லக்சம்பேர்க் 129 புள்ளி பெற்று முதலிடம் எய்த, ஸ்பெயின் 125 புள்ளியுடன் இரண்டாமிடம் பெற்றது. 123 புள்ளி பெற்ற பிரித்தானியா அதற்கடுத்து நின்றது.

பாட்டின் பொருள் புதிதன்று, காதலே. காதலுக்குரியவரை மழைநீர், ஊற்றுநீர், அடுப்பின் தீ, அப்பத்துக்குரிய கோதுமை என்றிவற்றோடு ஒப்பிட்டுச் செல்கின்றது. ஒரு பொருளுக்கு உவமை பலவற்றைத் தொடுத்துரைக்கும் முறையைத் தண்டியலங்காரம் மாலையுவமை எனக் கூறும். அதனைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இப்பாட்டு அந்நியமாகத் தோன்றாது. இவ்வுவமைகளுள் அரும்பொருள் ஒன்றேனும் இல்லை. யாவும் வீட்டிலும் முற்றத்திலும் உள்ளவை. மெல்லத் தொடங்கிய ஒற்றைக் குரல் ஈற்றிலே பல குரலாய்ப் பெருகுவதும் பாட்டின் உணர்ச்சிக்கு இயைந்ததே.

அவ்வாண்டிலே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒவ்வொரு நாடும் தன் மொழியிலேயே பாடுதல் வேண்டுமென 1966 முதல் இருந்த விதி, 1973 இல் நீக்கப்பட்டது. சுவீடனும் பின்லாந்தும் உடனே ஆங்கிலத்தை நாடின. மறு ஆண்டு சுவீடனின் ‘அபா’ குழுவினர் ஆங்கிலத்திற் பாடி வென்றனர். உலகைச் சென்றடைய உலகமொழியே வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. ஆயின், ஸ்பானியத்திலே பாடப்பட்ட ‘எரேஸ் தூ’ 1974 இல் அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் ஒன்பதாமிடம் வரை உயர்ந்தது. அதற்கு ஆங்கில வடிவமும் இருந்தது. எனினும் அமெரிக்க மக்கள் விரும்பிக் கேட்டது மூலத்தையே. சொல் விளங்காதவிடத்தும் பாட்டு விளங்கியது.

இம்மட்டில் நிறுத்தின், தன்மொழிப் பற்றின் வெற்றி இதுவென மகிழ்ந்து அமையலாம். ஆயின், பாடிய குழுவின் ஊரை நோக்குக. பில்பாவோ பாஸ்க் மக்களின் நாட்டிலே உள்ளது. பாஸ்க், ஸ்பானியத்தோடு எவ்வித உறவுமில்லாத தனித் தொன்மொழி. பிராங்கோவின் ஆட்சியிலே பாஸ்க், கற்றலான், கலீசியம் ஆகிய மொழிகட்கு அரச வாழ்வு மறுக்கப்பட்டிருந்தது. 1968 ஆம் ஆண்டுப் போட்டிக்குத் தெரிவான பாடகர் ஜோவான் மனுவேல் செர்ராத், தம் தாய்மொழியாகிய கற்றலானிலே பாடுவேன் என்றார். அரச தொலைக்காட்சி அதற்கு இசையவில்லை. அவரிடத்துக்கு மாசியெல் என்னும் பெண்மணி அனுப்பப்பட்டார். இலண்டன் மேடையில் அதே பாட்டை ஸ்பானியத்திற் பாடி, 29 புள்ளியுடன் அவர் முதலிடம் பெற்றார். பிரித்தானியரான கிளிவ் றிச்சாட் பெற்றது 28. ஒரு புள்ளியால் வந்த அவ்வெற்றியை நாடு கொண்டாடியது. விலக்கப்பட்ட மொழிக்கு அக்கொண்டாட்டத்திலே பங்கில்லை.

ஆகவே, ஆங்கிலத்தின் முன்னே சிறிதாய் நின்ற அதே ஸ்பானியம், தன் வீட்டிலே பெரிதாய் நின்று பிறமொழிகளின் வாயை அடைத்தது. ஒரு மொழிக்குப் பெருமையும் சிறுமையும் இயற்கையல்ல. நிற்கும் இடத்தால் வருவன. இதனை உணராத மொழிப்பற்று அரைக்கண் பார்வையே.

பிராங்கோ 1975 இல் இறந்தார். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஏனைய மொழிகட்கும் அவ்வப் பிரதேசங்களில் உத்தியோக உரிமை வழங்கியது. மேடை மட்டும் மெல்லவே மாறுகின்றது. கற்றலான் மொழிப் பாட்டு 2004 இல் யூரோவிஷன் மேடையேறியது. ஏற்றியதோ ஸ்பெயின் அன்று, மலைகளிடையே உள்ள அந்தோரா என்னும் சிறு நாடு. ஸ்பெயின் 2016 இல் முழுவதும் ஆங்கிலத்தில் ஒரு பாட்டை அனுப்பியது. முழுவதும் கற்றலானிலோ பாஸ்கிலோ கலீசியத்திலோ ஒரு பாட்டை 2025 வரை அனுப்பியதில்லை. 2022 ஆம் ஆண்டுத் தேசியத் தேர்விலே ‘தான்ஷுகெய்ராஸ்’ என்னும் மகளிர் மூவர் கலீசியத்திற் பாடி, மக்கள் வாக்கில் முதலிடம் பெற்றனர். நடுவர் வாக்கும் சேர்ந்தபோது மூன்றாமிடமே கிடைத்தது. அத்தீர்ப்பு மொழிபற்றியதென யான் துணியேன். அரங்காட்டம் முதலாய பிற காரணங்களும் இருந்திருக்கலாம். மக்களின் செவி கலீசியத்துக்குத் திறந்திருந்தது என்பது மாத்திரம் ஐயமின்றிப் புலனாயிற்று.

அயலார் மேடையிலே தன் மொழிக்கு இடம் வேண்டுதல் நியாயமே. அந்நியாயத்தைத் தன் வீட்டிலுள்ள சிறுமொழிக்கும் வழங்குவதே அதற்கு உரைகல். பல மொழிகள் வழங்கும் நாட்டிலே வாழும் நம் மாணவர்க்கு, அந்நாட்டுப் பாட்டு ஒன்றின் வாயிலாக யான் சொல்ல விரும்புவது இதுவே.