படிச்சவங்களே இப்படியா?

"படிச்சவங்களே இப்படியா?" என்ற கேள்வியைத் தடை செய்யச் சொல்லி யாராவது மனு எழுதினால் முதல் கையெழுத்து நான் போடுவேன். ஒரு டாக்டர் சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிறார். ஒரு பேராசிரியர் மாணவனிடம் ஊர்ப்பெயர் கேட்டு, அது போதாமல் தெருப்பெயரும் கேட்கிறார். ஐ.டி.யில் பெரிய சம்பளம் வாங்குகிற வீட்டு ஓனர், வாடகைக்கு வந்தவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்து விசாரிக்கிறார். உடனே டைம்லைன் முழுக்க இதே ஆச்சரியம் கிளம்பிவிடும்.

ஆச்சரியப்படுகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்த ஆச்சரியத்துக்குள் ஒரு நம்பிக்கை பதுங்கியிருக்கிறது: படிப்பு ஒரு சோப்பு, தேய்க்கத் தேய்க்க அழுக்குப் போகும். இலக்கிய வாசகர்களான நாம் இதையே கொஞ்சம் உசத்தியாக வைத்திருக்கிறோம். டிகிரி ஒன்றும் மாற்றாது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் *உண்மையான* வாசிப்பு மாற்றும். மூலத்தைப் படி, மூலமொழியில் படி, உனக்குப் பிடிக்காதவனையும் படி, உன் நம்பிக்கை ஆட்டம் காணும்வரை படி. அப்படிப் படித்தவன் சின்னத்தனமாக நடக்க மாட்டான். எத்தனை முன்னுரைகளில், எத்தனை மேடைகளில் இதைக் கேட்டிருக்கிறோம்!

இது பொய். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் பொய். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு இடத்துக்குப் போகலாம். நாம் "உண்மையான வாசிப்பு" என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அதையெல்லாம் நாள் தவறாமல் செய்த இடம் அது: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த பிரின்ஸ்டன் இறையியல் செமினரி.

செமினரி என்றதும் நம்மில் பலருக்கு பைபிளை மனப்பாடம் செய்து, கண்ணை மூடி ஜெபித்து, போதகராக வெளியே வரும் ஒரு தொழிற்சாலை ஞாபகம் வரலாம். கொஞ்சம் பொறுங்கள். 1812இல் பிரெஸ்பிட்டேரியன் சபை தொடங்கிய இந்தச் செமினரியில் சேர வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்த இளைஞர்கள். மூன்று வருடப் படிப்பு. ஹீப்ரு கட்டாயம். கிரேக்கம் தெரியாமல் புதிய ஏற்பாட்டு வகுப்பில் உட்கார முடியாது. ஒரு வசனத்தை எடுத்தால் வினைச்சொல்லின் காலம் என்ன, இந்தச் சொல் வேறெங்கே வருகிறது, கையெழுத்துப் பிரதிகளில் பாடபேதம் உண்டா என்று போகும் பாடம். முறைமை இறையியலுக்கு சார்லஸ் ஹாட்ஜ் எழுதிய மூன்று தடித்த தொகுதிகள். அதை நடத்தியவர் பெஞ்சமின் வார்ஃபீல்ட். 1887 முதல் 1921இல் இறக்கும்வரை அங்கேயே ஆசிரியர். வகுப்பில் கேள்வி கேட்பார், மாணவன் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்குப் படித்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

எல்லாரும் மகிழ்ச்சியாகப் படித்தார்கள் என்றும் இல்லை. 1909இல் மாணவர்களே நிர்வாகக் குழுவிடம் புகார் கொண்டுபோனார்கள்: பாடம் நடத்தும் விதம் சரியில்லை, நாளைக்குச் சபையில் போய்ச் செய்யப்போகும் வேலைக்கு இது உதவவில்லை என்று. நம் இன்ஜினியரிங் கல்லூரிப் புலம்பல் மாதிரியே இல்லை? ஆனால் ஒரு வித்தியாசம். நாங்கள் நான்கு வருடத்தில் ஒரு மூலநூலைக்கூடத் திறக்காமல், லோக்கல் ஆதர் கைடை வைத்து பாஸ் செய்தோம். அவர்கள் ஏசாயாவை ஹீப்ருவில் படித்துவிட்டுப் புலம்பினார்கள்.

இந்த இடத்துக்கு 1902இல் ஒரு மாணவர் வந்தார். ஜான் கிரஷாம் மேச்சென். 1881இல் பால்டிமோரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், அம்மாவின் பூர்விகம் தெற்கே ஜார்ஜியா. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தவர். செமினரியில் படித்துக்கொண்டே பக்கத்திலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் எம்.ஏ.வும் வாங்கினார். 1905இல் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடம் ஜெர்மனி போனார். நம் வாசிப்புப் பிரசங்கிகள் கைதட்ட வேண்டிய கட்டம் இதுதான்.

அவர் வளர்ந்த மரபு பைபிளில் பிழையே இல்லை என்றது. மார்பூர்கில் அவர் போய் உட்கார்ந்தது அந்த மரபை அடியோடு மறுத்த பேராசிரியர்களின் வகுப்பில். முக்கியமாக வில்ஹெல்ம் ஹெர்மன். கார்ல் பார்த், ருடோல்ஃப் பூல்ட்மன் இருவருக்கும் ஆசிரியராக இருந்தவர். எதிரியை வேவு பார்க்கப் போன மேச்சென் ஹெர்மனின் பக்தியில் ஆடிப்போனார். தன் கோட்பாடுகளில் பாதியை ஏற்காத ஒரு மனிதன் தன்னைவிட ஆழமாகக் கிறிஸ்துவை நேசிக்கிறானே என்ற கலக்கத்தை வீட்டுக்குக் கடிதங்களில் கொட்டினார். 1906இல் பிரின்ஸ்டனில் ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டபோது, ஊழியத்துக்கு லாயக்கா என்ற சந்தேகத்தோடுதான் வந்தார். அந்தச் சந்தேகம் தீர்ந்து குருப்பட்டம் பெற 1914 ஆனது. பிற்பாடு லிபரல் இறையியலை எதிர்த்து 1923இல் அவர் எழுதிய புத்தகத்தை எதிர்த்தரப்பினரும் மரியாதையோடு படித்தார்கள். காரணம், தான் எதிர்ப்பதை உள்ளேயிருந்து அறிந்த மனிதர் அவர்.

மூலமொழி இருக்கிறது. எதிர்த்தரப்பு இருக்கிறது. நம்பிக்கை ஆடியிருக்கிறது. சந்தேகத்தை வருடக்கணக்கில் சுமந்த நேர்மையும் இருக்கிறது. போதாததற்கு ஆள் பழகுவதற்கு இனிமையானவர். செமினரி விடுதியான அலெக்சாண்டர் ஹாலில் மாணவர்களோடே தங்கியிருந்த பிரம்மச்சாரி. சனிக்கிழமை இரவுகளில் பையன்கள் அவர் அறையில் கூடி செக்கர்ஸ் ஆடுவார்கள், பழம் தின்பார்கள். "தாஸ்" என்று ஜெர்மன் இலக்கணத்தை வைத்துக் கிண்டலாகப் பட்டப்பெயர் சூட்டும் அளவுக்கு நெருக்கம்.

இனி 1913 அக்டோபருக்கு வருவோம். அதே அலெக்சாண்டர் ஹாலில் ஒரு கறுப்பின மாணவருக்கு அறை ஒதுக்கப்பட்டது. மேச்சென் எதிர்த்தார். வகுப்பில் ஒன்றாக உட்காருவது வேறு, ஒரே கூரையின் கீழ் வாழும் நெருக்கம் வேறு என்பது அவர் நிலைப்பாடு. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் கோபமும் வருத்தமும் கொப்பளிக்கின்றன.

ஹெர்மனைக் கேட்க அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனவருக்கு, மாடிப்படியில் எதிர்ப்படப்போகும் ஒரு சக மாணவரைத் தாங்க முடியவில்லை. அந்த மாணவர் அதே ஹீப்ரு படிக்க வந்தவர், அதே ஹாட்ஜை ஒப்பிக்க வேண்டியவர். இந்தக் கதையை இன்றும் எல்லோரும் மேச்செனின் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறோம். சனிக்கிழமை இரவு அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது அவர் தன் அறையில் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

"அந்தக் காலம் அப்படி, பாஸ்" என்று ஒருவர் சொல்வார். காலம் அப்படித்தான். செமினரியிலிருந்து நடந்துபோகும் தூரத்திலிருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1910 வரை இருந்த உட்ரோ வில்சன், கறுப்பின மாணவர்கள் விண்ணப்பிப்பதையே விரும்பாதவர். 1913இல் அவர் அமெரிக்க ஜனாதிபதி ஆன பிறகு வாஷிங்டனில் மத்திய அரசு அலுவலகங்களிலேயே வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்காரவைத்தார்கள். ஆனால் அதே 1913இல், அதே செமினரியில், தற்காலிகத் தலைவர் பொறுப்பில் இருந்த மனிதர் யார்? பெஞ்சமின் வார்ஃபீல்ட். அறை கொடுக்கப்படும் என்றார். கொடுக்கப்பட்டது. மேச்செனின் எதிர்ப்பால் முடிவு மாறவில்லை. செமினரிக்கும் இது புதிதல்ல. தியோடர் செட்ஜ்விக் ரைட் என்ற கறுப்பின மாணவர் 1828இலேயே அங்கே படித்து முடித்தவர். ஆகவே காலத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர முடியாது.

"அப்போ அந்த இறையியல்தான் கோளாறு" என்று நம் பகுத்தறிவு நண்பர் வருவார். அதுவும் நிற்காது. வார்ஃபீல்ட் மேச்செனைவிடத் தளர்வான ஆள் கிடையாது. பைபிளில் பிழையில்லை என்ற கோட்பாட்டுக்கு அறிவுக் கோட்டை கட்டியவரே அவர்தான். மேச்செனின் ஆசிரியர். இருவருக்கும் ஒரே வேதம், ஒரே கிரேக்கம், ஒரே ஹாட்ஜ். சொல்லப்போனால் அந்த ஹாட்ஜே அடிமை வைத்திருந்தவர். சிலபஸ் ஒன்றுதான், வெளியே வந்த மனிதர்கள் வேறு வேறு.

வார்ஃபீல்டும் தெற்கத்திக்காரர்தான், கென்டக்கி. ஆனால் அவருடைய தாய்வழித் தாத்தா ராபர்ட் பிரெக்கின்ரிட்ஜ் அடிமைமுறையை எதிர்த்த போதகர். வார்ஃபீல்ட் 1880களிலேயே நிறப் பாகுபாட்டைச் சபைக்குள் கண்டித்து எழுதினார். அவருக்கு அந்தத் தெளிவு கிரேக்க இலக்கண வகுப்பில் பிறக்கவில்லை. வகுப்பில்தான் பிறந்தது என்றால், கிரேக்கத்தில் அவருக்குச் சளைக்காத மேச்செனுக்கும் பிறந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு புத்திசாலி கேட்பார்: "புத்தகம் போதாதுங்க, மக்களோடு போய் வாழணும்." இந்த நம்பிக்கையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் பிரின்ஸ்டன் செமினரிக்கு 1914இல் வந்த இன்னொரு மாணவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை.

டொயொஹிகோ ககாவா. ஜப்பானின் கோபே நகரில் செமினரி மாணவராக இருந்தபோதே, 1909 டிசம்பர் 24 அன்று, பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு ஷின்காவா சேரிக்குக் குடிபோனவர். காசநோய்க்காரர். கிறிஸ்துவைப் பற்றிப் படிப்பவன் ஏழைகளோடு படுத்து எழ வேண்டும் என்று ஒரு சின்ன அறையில் நோயாளிகளையும் வீடற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். அதில் கண்ணில் டிரக்கோமா தொற்றி வாழ்நாளெல்லாம் அவதிப்பட்டார். பிரின்ஸ்டனில் படித்துத் திரும்பி, தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், கூட்டுறவு என்று ஓடினார். 1921 கோபே கப்பல் கட்டும் தளப் போராட்டத்தில் முன்னால் நின்றார். இவரைவிட மக்களோடு வாழ்ந்தவர் யார்?

அவர் பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த 1915இல், ஏழைகளின் உளவியல் பற்றி அவர் எழுதிய பெரிய ஆய்வு நூல் ஜப்பானில் வெளிவந்தது. அதில் புராகுமின் மக்களைப் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. தோல், இறைச்சி, பிணம் சார்ந்த வேலைகளைச் சொல்லி ஒதுக்கப்பட்டு, 1871இல் சட்டப்படி மட்டும் விடுவிக்கப்பட்ட ஜப்பானின் தீண்டத்தகாத சாதி அது. அவர்களைத் தனி இனமாக, பிறவியிலேயே சீரழிந்த கூட்டமாக ககாவா எழுதினார். அவர்களுக்காக ஓடியாடியவர்தான் எழுதினார். அறிவியல் என்று நம்பித்தான் எழுதினார். தன் அறையைப் பகிர்ந்துகொண்ட மனிதர்களை, பேனா எடுத்ததும் ஒரு மாதிரிப் பொருளாக்கிவிட்டார்.

வாசிப்பும் போதவில்லை, சேரியும் போதவில்லை. அப்படியானால் என்னதான் வழி என்று கேட்டால், எனக்கு அந்த விடுதி அறை ஒதுக்கீடுதான் கண்முன் வருகிறது. வார்ஃபீல்ட் மேச்செனின் மனம் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை. "சகவாழ்வும் புதிய ஏற்பாடும்" என்று கருத்தரங்கு போடவில்லை. அறை கொடுக்கும் அதிகாரம் கையில் இருந்தது, கொடுத்தார். மேச்செனின் உள்ளம் திருந்தியதா என்பது மேச்செனின் பிரச்சினை. அந்த மாணவருக்கு வேண்டியிருந்தது படுக்க ஒரு கட்டில், படிக்க ஒரு மேசை. பாடத்திட்டத்தைத் திருத்துவது பற்றி அதே செமினரியில் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். இதற்கு ஒரு முடிவு போதுமானதாக இருந்தது.

இதனால் படிக்காதே என்று சொல்ல வரவில்லை. மேச்சென் போல எதிரியின் வகுப்பில் போய் உட்காருங்கள், நம் சூழலில் அதற்கே ஆளில்லை. ஆனால் அதைச் சிந்திக்கக் கற்றுக்கொள்வதற்காகச் செய்யுங்கள். நல்லவனாகிவிட்டதற்கான சான்றிதழாக அதை நீட்டாதீர்கள். அந்தச் சான்றிதழ் நம்பிக்கையால்தான் நாம் சாதி பார்க்கிறவனுக்கு இன்னொரு புத்தகத்தைச் சிபாரிசு செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போகிறோம். அவன் படித்துத் திருந்தும்வரை வாசலில் நிற்க வேண்டியவர் யார் என்று கேட்பதே இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இப்போதே சின்னச் சின்ன அதிகாரங்கள் உண்டு. இன்டர்வியூ பேனலில் உட்காருகிறீர்கள். ஃபிளாட்மேட் தேடி விளம்பரம் போடுகிறீர்கள். அப்பா கட்டிய வீட்டின் மாடி போர்ஷனை யாருக்கு விடுவது என்று வீட்டில் உங்களையும் கேட்கிறார்கள். அங்கே உங்கள் வாசிப்புப் பட்டியலை யாரும் கேட்கப்போவதில்லை. சாவி யார் கைக்குப் போனது என்பது மட்டும்தான் கணக்கு.