பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்

தைப்பூசத் திருநாளில் பத்துமலையின் 272 படிகளில் ஏறும் பக்தப் பெருமக்களிடையே குழந்தைகள்தாம் எத்தனை பேர்! கரும்புத் தொட்டிலில் வரும் கைக்குழந்தைகளை விட்டுவிடுவோம். தந்தையின் தோளில் அமர்ந்து வரும் நான்கு வயதுப் பிள்ளையைச் சற்றே கவனியுங்கள். தீபாராதனை காட்டப்படும்போது அதன் கைகள் தாமே தலைக்கு மேல் குவிகின்றன. கற்பூரத் தட்டு அருகே வந்ததும் சுடரின் மேல் கை காட்டிக் கண்களில் ஒற்றிக்கொள்கிறது. இதை எந்தச் சமய வகுப்பும் அதற்குப் போதிக்கவில்லை. தாய் செய்ததைப் பார்த்தது, தானும் செய்தது.

இவ்வாறு பார்த்துக் கற்கும் இயல்பைச் சோதனையால் மெய்ப்பித்தவர், 2021-இல் மறைந்த உளவியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாண்டுரா. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில், பாலர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேரைக் கொண்டு அவரும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனை 1961-இல் வெளிவந்தது. நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போலச் சாய்ந்தாலும் எழுந்து நிற்கும் காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சில பிள்ளைகள் கண்டனர். பின்னர் அவர்களும் அவ்வாறே அடித்தனர்; அவர் சொன்ன வசைச் சொற்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அமைதியாக விளையாடியவரைக் கண்ட பிள்ளைகளிடம் அந்த மூர்க்கம் மிகக் குறைவாகவே காணப்பட்டது.

1965-இல் வெளிவந்த அவருடைய மற்றோர் ஆய்வே நம்மை அதிகம் சிந்திக்கச் செய்கிறது. பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் படத்தில் கண்ட பிள்ளைகள், அவரைப் பின்பற்றத் தயங்கினர். ஆனால், பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு உண்டு என்று கூறியதும், மற்றப் பிள்ளைகளுக்குச் சற்றும் குறையாமல் செய்து காட்டினர். அதாவது, செய்யாத பிள்ளையும் கற்றுத்தான் இருந்தது.

காவடி எடுக்கும் இல்லங்களில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். சிலர் 48 நாள்கள் விரதம் காக்கின்றனர். புலால் இல்லை, மது இல்லை, கடுஞ்சொல் இல்லை. தரையில் பாய் விரித்து உறக்கம். அந்நாள்களில் வீட்டுப் பிள்ளைகள் பெறும் பாடம் எந்தச் சொற்பொழிவாலும் தர இயலாதது (சொற்பொழிவாளர்கள் பொறுத்தருள்க!). பின்னர் இடும்பன் பூசையோடு விரதம் நிறைவுறுகிறது. அன்று மாலையே மதுப் புட்டி மேசைக்கு வருமானால், அதையும் அதே கண்கள்தாம் பார்க்கின்றன. எட்டு வயதில் அச்சத்தால் அடக்கி வைத்திருப்பது, பதினெட்டு வயதில் தடுப்பார் இல்லாதபோது வெளிப்படலாம். காவடிகளின் முன்னே சீழ்க்கையடித்துத் திரைப்பாடலுக்கு ஆடும் இளைஞர்களை ஆண்டுதோறும் கண்டிக்கிறோம். அவர்கள் சிறுவர்களாய் வந்த நாளில் யாரைப் பார்த்துக்கொண்டு நடந்தனர் என்று நாம் கேட்பதில்லை.

எல்லாரையும் மக்கள் ஒன்றுபோல் பின்பற்றுவதில்லை என்பதும் பாண்டுராவின் கருத்து. மதிப்பும் செல்வாக்கும் உடையவர்கள் செய்வதே பிறரை எளிதில் ஈர்க்கிறது. ஆலயத்தில் மாலை மரியாதை பெறுவோர் யாவர்? நிர்வாகத்தினரும் உபயதாரர்களும் அல்லவா? இரண்டு மணி நேரமாக மக்கள் வெயிலில் காத்திருக்கும்போது ஒரு பிரமுகரின் குடும்பம் பக்கவாயில் வழியே சன்னிதிக்கு அழைத்துச் செல்லப்படுமானால், வரிசையில் நிற்கும் சிறுவன் அன்று கற்பது பக்தியை அன்று.

ஆகவே, ஆலயத் தலைவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். இவ்வாண்டு முதியோரும் உடல் நலம் குன்றியோரும் நீங்கலாக அனைவரும், முதல் மரியாதைக்குரியவர்களும் உட்பட, பொது வரிசையிலேயே செல்ல ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர்ப் பந்தல் அமைப்போர் அதன் அருகிலேயே குப்பைத் தொட்டிகளை வைத்து, அருந்திய குவளையை முதலில் தாங்களே அதில் இடட்டும்.