விமானப் படிப்பு: எந்த நாட்டில் நல்லது?

விமானப் பொறியியல் படிக்க எந்த நாடு சிறந்தது? கல்லூரியின் பெயரையும் கட்டிடத்தையும் பார்த்தே பெற்றோர் பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது போதாது.

பிரான்சில் 1909-ல் பாரிஸ் நகரில் தொடங்கிய விமானக் கல்லூரி ஒன்று, 1968-ல் துலூஸ் நகருக்கு மாறியது. ஏர்பஸ் விமானங்களைப் பூட்டும் பெரிய தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருக்கிறது! படிப்பும் தொழிலும் பக்கத்தில் பக்கத்தில்.

காற்றுச் சுரங்கம் என்று ஒன்று உண்டு. சிறிய மாதிரி விமானத்தை உள்ளே வைத்து, காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் கூடம் அது. அதில் மாணவர்கள் கை வைத்துப் பழகுகிறார்களா? அல்லது விருந்தாளிகளுக்குக் காட்ட மட்டும்தானா? இதைக் கேட்டே ஆக வேண்டும். (கேட்டால் சில கல்லூரிகளுக்குக் கோபம் வரும்.)

பொறியியல் படிப்பை ஒரு நாடு அங்கீகரித்தால் மற்ற நாடுகளும் மதிக்க, 1989-ல் 'வாஷிங்டன் உடன்படிக்கை' ஏற்பட்டது. இந்தியா 2014-ல் முழு உறுப்பினர் ஆனது. ஆனால் அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் அல்ல. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி!

அமெரிக்கப் படிப்பு உயர்ந்ததுதான். ஆனால் அங்கே ராக்கெட், ராணுவ விமான வேலைகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும், நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குமே கிடைக்கின்றன. வெளிநாட்டு மாணவனுக்குக் கதவு திறப்பது அரிது. நிலத்தை விற்று மகனை அனுப்பும் தகப்பனாரிடம் இதை முன்கூட்டியே சொல்பவர் எத்தனை பேர்?