தலைவலி மாத்திரை அல்ல தியானம்

மன அமைதிக்கு இன்று நல்ல கிராக்கி. பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு ஞாபகசக்தி வேண்டும். மானேஜருக்குத் தூக்கம் வேண்டும். டாக்டர் பயமுறுத்தி அனுப்பிய ஐம்பது வயதுக்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சிபாரிசு: கண்ணை மூடு, மூச்சைக் கவனி. கம்பெனிகள் ஆள் வைத்துச் சொல்லித் தருகின்றன. செல்போன் மணியடித்து நினைவூட்டுகிறது. புத்தர் காட்டிய வழி என்ற முத்திரையும் அதன் மேல் குத்தப்பட்டிருக்கிறது.

முத்திரை பொய்யல்ல. ஆனால் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது.

சத்ய நாராயண் கோயங்கா பர்மாவில் பிறந்து வளர்ந்த மார்வாடி வியாபாரி. அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். வெளிநாடுகளில் வைத்தியம் பார்த்தும் பலனில்லை. 1955ல் ரங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். ஊ பா கின் துறவி அல்ல, பர்மா அரசின் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்த குடும்பஸ்தர். வந்தவர் தலைவலிக்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். மனதைச் சுத்தம் செய்துகொள்ள வரலாம். வலி போனால் அது உபரி லாபம். அதையே குறியாக வைத்து வரக்கூடாது என்பது அவர் கட்சி. கோயங்கா யோசித்துவிட்டுப் பிறகுதான் சேர்ந்தார். 1969ல் இந்தியா வந்து பம்பாயில் அவர் நடத்திய பத்து நாள் முகாமிலிருந்துதான் இன்று நாடெங்கும் நடக்கும் விபஸ்ஸனா முகாம்கள் கிளைத்தன.

பயிற்சியின் முதல் பகுதி கேட்பதற்கு எளிமையானது. முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். மூச்சு மூக்கைத் தொட்டுப் போகும் இடத்தில் கவனத்தை நிறுத்த வேண்டும். பிராணாயாமம் போல மூச்சை அடக்குவதோ நீட்டுவதோ கிடையாது. அது பாட்டுக்கு வரும், போகும்; மனம் வெறுமனே காவல் நிற்கும். பாலி மொழியில் இதற்கு ஆனாபானசதி என்று பெயர்.

மனம் நிற்காவிட்டால் மூச்சை எண்ணலாம் என்கிறது ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோஷர் எழுதிய 'விசுத்திமக்கம்'. இவர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல் எண்ண வேண்டும். குறைந்தால் நெருக்கமான பட்டியில் அடைத்த மாடு போல மனம் முட்டிமோதும். கூடினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். (கோயங்கா முறையில் எண்ணுவதில்லை, வெறும் மூச்சு மட்டும்தான்.) மனதை நிலைநிறுத்த 40 வழிகளை அந்த நூல் பட்டியலிடுகிறது. ஓயாமல் யோசிப்பவருக்கு மூச்சு, கோபக்காரருக்கு எல்லா உயிர்களிடமும் அன்பு பாராட்டும் மைத்ரி தியானம் என்று ஆளுக்கு ஏற்ற பத்தியமும் உண்டு.

உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே மனம் ஆபீசுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் ஓடிவிடும். 'நமக்கு இது வராது' என்று பலர் எழுந்துவிடுவது இங்கேதான். ஓடியதைக் கண்டுபிடித்துக் கோபமில்லாமல் திரும்ப அழைத்து வருவதே பயிற்சி. கட்டுத்தறியில் கட்டிய கன்று இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும்.

குறுக்கே நிற்பவை ஐந்து: ஆசை, பகை, சோம்பல், பரபரப்பு, சந்தேகம். பாத்திரத்துத் தண்ணீரை வைத்து இதை விளக்குகின்றன பௌத்த நூல்கள். ஆசை சாயம் கலந்த நீர். பகை கொதிக்கும் நீர். சோம்பல் பாசி படர்ந்த நீர். பரபரப்பு காற்றில் அலையும் நீர். சந்தேகம் இருட்டில் வைத்த கலங்கல் நீர். ஐந்திலும் முகம் தெரியாது. தண்ணீர் தெளிய வேண்டும் என்பது அழகுக்காக அல்ல, முகத்தைப் பார்ப்பதற்காக.

சங்கதியே இதில்தான் இருக்கிறது. ஒருமுகப்பட்ட மனம் தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. மீனுக்காக ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்கு இல்லாத கவனமா? பிக்பாக்கெட் அடிப்பவனுக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பே நடக்காது. அதனால்தான் பௌத்தம் சீலத்தை முதலில் வைத்தது, சமாதி அடுத்தது, ஞானம் மூன்றாவது. முகாமிலும் இதே வரிசைதான். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை உள்ளிட்ட ஐந்து விரதங்களை ஏற்ற பிறகே மூச்சு. மூன்று நாள் மூச்சைக் கவனித்துக் கூர்மையான மனதை, நான்காம் நாளில் உடலின் உணர்ச்சிகள் பக்கம் திருப்புகிறார்கள். தீட்டிய கத்தியைக் கொண்டு எதையாவது நறுக்க வேண்டும் அல்லவா?

புத்தரே இந்தப் பாதையில் நடந்தவர்தான். ஆலார காலாமர், உத்தக ராமபுத்திரர் என்ற இரு ஆசிரியர்களிடம் ஆழ்ந்த சமாதி நிலைகளைக் கற்றுத் தேர்ந்தார். தங்களுக்குச் சமமாக வைத்துக்கொள்ள அவர்கள் தயாராக இருந்தும் அவர் தங்கவில்லை. அந்த அமைதி துக்கத்தின் வேரைத் தொடவில்லை என்பதே காரணம்.

1975ல் ஜெய்ப்பூர் சிறையில் முகாம் நடந்தது. 1994 ஏப்ரலில், கிரண் பேடி பொறுப்பில் இருந்த திகார் சிறையில் 1,000க்கும் அதிகமான கைதிகள் பத்து நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்தார்கள். பதவி உயர்வோ பரீட்சை மார்க்கோ அவர்களுக்கு முன்னால் இல்லை. செய்தது மட்டும் இருந்தது. பேச்சும் வேடிக்கையும் நின்றால் அதைப் பார்க்காமல் இருக்க வழியில்லை.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பத்து நாள் மௌனம் எல்லோருக்கும் ஒத்துவராது. தீவிர மனநோய் உள்ளவர்களை அது மேலும் குலைக்கக்கூடும். முகாம்களின் விண்ணப்பத்திலேயே இதுபற்றிக் கேட்கிறார்கள், மறைப்பது ஆபத்து. டாக்டர் கொடுத்த மாத்திரைக்குத் தியானம் மாற்றல்ல. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கும் முதலாளி, வேலையைக் குறைக்காமல் மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் அதற்குப் பெயரும் தியானம் அல்ல.

தினம் இருபது நிமிடம் மூச்சோடு உட்கார யாருக்கும் காசு செலவில்லை. பலன் தெரிகிறதா என்று பார்க்கக் கடிகாரமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். எழுந்து வந்த பிறகு குரல் தணிந்திருக்கிறதா என்பதை வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.