முழத்தைச் சாணாக்கிய கணக்கு

பூமியின் விட்டத்தை நம் முன்னோர் மைல் பிசகாமல் சொல்லிவிட்டார்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வாதிட்டது. இரண்டாம் பாஸ்கரர் சித்தாந்த சிரோமணியில் தந்த 1581 யோஜனையைக் கட்டுரையாளர் எடுத்துக்கொண்டார். யோஜனைக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கினார். 12,648 கிலோமீட்டர் வந்தது. இன்றைய சராசரி விட்டம் 12,742.

அந்த 8 எங்கிருந்து வந்தது? கட்டுரையில் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. 12,742-ஐ 1581-ஆல் வகுத்தால் 8.06 வரும். விடையை வகுத்து எடுத்த எண்ணாலேயே மறுபடி பெருக்கினால் பழைய விடை திரும்பி வரத்தான் செய்யும். இதை நிரூபணம் என்று வாசகர் முன் வைப்பது ஏமாற்று வேலை.

யோஜனையின் நீளத்தைப் பாஸ்கரரிடமே கேட்டிருக்கலாம். அவருடைய கணித நூலான லீலாவதியின் தொடக்கத்திலேயே வாய்பாடு இருக்கிறது: 24 அங்குலம் ஒரு முழம், 4 முழம் ஒரு தண்டம், 2000 தண்டம் ஒரு குரோசம், 4 குரோசம் ஒரு யோஜனை. ஆக, யோஜனைக்கு 32,000 முழம். முழம் ஒன்றரை அடி என்றால் யோஜனை 14.6 கிலோமீட்டர், பூமியின் விட்டம் 23,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 8 கிலோமீட்டர்தான் வேண்டுமென்றால் முழத்தை 25 சென்டிமீட்டராகக் குறுக்க வேண்டும். விரித்த கையின் சாணே ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் இருக்கும். முழத்தைச் சாணாக்கினால் ஒழிய இந்தக் கணக்கு நிற்காது.

குரோசத்துக்கு 1000 தண்டம் என்று கொள்ளும் மரபும் உண்டே என்று கட்டுரையாளர் வாதிடலாம். அதையே எடுத்தாலும் யோஜனை 7.3 கிலோமீட்டர், விட்டம் 11,600-ஐத் தொடாது. மைல் பிசகாத துல்லியம் அங்கும் கிடைக்கவில்லை.

தம் கட்டுரையின் அடுத்த பத்தியில் அவரே தம் கணக்கைக் கவிழ்க்கிறார். அரை நிமேஷத்தில், அதாவது அரை இமைப்பொழுதில், 2202 யோஜனை என்று சாயணரின் ரிக்வேத உரையில் வரும் வரியை ஒளியின் வேகம் என்று காட்ட, யோஜனையை 9 மைலாக, அதாவது 14.5 கிலோமீட்டராக நீட்டுகிறார். ஆரியபடர் தந்த 1050 யோஜனை விட்டம் இன்றைய அளவோடு பொருந்த வேண்டுமானால் யோஜனைக்கு 12.1 கிலோமீட்டர் தேவை. விடைக்கு ஏற்ப நீளும் குறுகும் கோலுக்கு அளவுகோல் என்ற பெயர் பொருந்தாது.

ஓர் அளவின் பெயர் எங்கும் எப்போதும் ஒரே நீளத்தைத்தான் குறிக்கும் என்பது கட்டுரையாளருடைய அடிப்படை நம்பிக்கை. நான் வாழும் கொல்கத்தாவில் மனை வாங்குகிற எவரும் அதை மறுப்பார்கள். இங்கே ஒரு கட்டா 720 சதுர அடி. 20 கட்டா ஒரு பிகா. அந்தப் பிகா 80 முழப் பக்கமுள்ள சதுரம். பாட்னாவில் அதே கட்டா ஏறக்குறைய 1361 சதுர அடி. சோழர் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோலும் உண்டு, பதினாறு சாண் கோலும் உண்டு. எந்தக் கோலால் அளந்தது என்று எழுதி வைக்கும் பொறுப்பு அந்தக் கல்வெட்டுகளை வெட்டியவர்களுக்கு இருந்தது.

அதே பொறுப்பை இந்த நகரின் பி.டி. ரோட்டிலும் பார்க்கலாம். 1831–32-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் அங்கே நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தபோது எழுந்த இரண்டு கோபுரங்கள் பாய்க்பாராவிலும் சுக்சரிலும் இன்றும் நிற்கின்றன. சாதாரணச் சங்கிலியை அவர் நம்பவில்லை. வெயிலில் நீளம் மாறாதபடி இரும்பையும் பித்தளையையும் இணைத்துச் செய்த 10 அடிச் சட்டங்களை அடுக்கி அளந்தார். கோலைச் சோதித்த பிறகே நிலத்தை அளக்க வேண்டும் என்பது நில அளவைத் தொழிலின் முதல் பாடம். பழைய அளவை மாற்றி எழுத வருகிறவருக்கும் அதே பாடம்தான்: யோஜனைக்கு எத்தனை முழம், அந்த முழம் எவ்வளவு நீளம், எவ்வளவு பிழைக்கு இடமுண்டு என்று முதலில் சொல்லுங்கள், பிறகு பெருக்குங்கள்.

இப்படிக் கேட்பது முன்னோரை அவமதிப்பது என்கிறார் கட்டுரையாளர். அவமதித்தவர் அவர்தான். சித்தாந்த சிரோமணியின் ஒரு பகுதியான கோலாத்யாயத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1861-இல் இதே கொல்கத்தாவில் அச்சானது. அதைப் புரட்டியிருந்தால் 1581-க்குப் பக்கத்திலேயே 4967 என்ற சுற்றளவையும் பார்த்திருப்பார். பிரம்மகுப்தருக்குச் சுற்றளவு 5000 யோஜனை. 10-இன் வர்க்கமூலமான 3.162-ஐ அவர் விகிதமாகக் கொண்டார். பாஸ்கரர் ஏறக்குறைய அதே விட்டத்துக்குச் சுற்றளவை 4967 ஆக்கினார். 1581-உடன் அவர் சேர்த்த 24-இல் ஒரு பங்கையும் கூட்டி வகுத்தால் 3.1416 வருகிறது. யோஜனை எத்தனை கிலோமீட்டராக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. பாஸ்கரரின் பெருமை இந்தத் திருத்தத்தில் இருக்கிறது. அதைக் காட்ட யாருடைய முழத்தையும் குறுக்க வேண்டியதில்லை.