டிபக் பாரை மூடாமல் வெப்சைட்டைத் திறக்க வேண்டாம்



இப்போது நமது ஊர்களில் எல்லாவற்றுக்கும் ஒரு வெப்சைட் வந்துவிட்டது. பள்ளிவாசல் சந்தாக் கணக்கு, ஸகாத் விண்ணப்பம், பழைய மாணவர் சங்கப் பதிவு என்று எல்லாம் ஒன்லைனில். பெரும்பாலும் இதைச் செய்து தருவது ஏ.எல். முடித்த, அல்லது கெம்பஸில் படிக்கும் நம் தம்பி தங்கைமார்தான். காசும் வாங்குவதில்லை. சந்தோஷமான விடயம். ஆனால் திறப்பு விழாவுக்கு முன் பார்க்க வேண்டிய ஒரு சின்ன விடயத்தை யாருமே பார்ப்பதில்லை. பதிவு கொஞ்சம் நீளம். நிர்வாக சபைகளில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

பிள்ளைகள் அதிகம் பயன்படுத்தும் கருவி லரவெல். அதில் வேலை செய்யும்போது 'டிபக் பார்' என்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். பக்கத்தின் அடியில் ஒரு பட்டை வரும். அந்தப் பக்கம் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது, டேட்டாபேஸிடம் என்னென்ன கேள்வி போனது, லொகின் செய்தவரின் செஷனில் என்ன இருக்கிறது என்று அத்தனையும் அதில் தெரியும்.

ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன், இது அருமையான கருவி. 40 மாணவர்களின் பெயரையும் வகுப்பையும் காட்டும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவனமில்லாமல் எழுதினால் பட்டியலுக்கு ஒரு கேள்வி, ஒவ்வொரு மாணவரின் வகுப்புக்கும் ஒவ்வொரு கேள்வி என்று 41 கேள்விகள் போகும். சரியாக எழுதினால் இரண்டே போதும். பக்கம் ஏன் இழுபடுகிறது என்பதைப் பட்டையைப் பார்த்துப் பிள்ளையே கண்டுபிடிக்கும். ஆகவே இதைப் பாவிக்காதே என்று யாரும் தடுக்க வேண்டாம்.

பிரச்சினை, அதே பட்டை ஊருக்கே தெரியும்படி இருப்பதுதான். டேட்டாபேஸுக்குப் போன கேள்வியில் அடையாள அட்டை இலக்கம் இருந்தால் அதுவும் அப்படியே தெரியும். வேறு ஆட்கள் திறந்த பக்கங்களின் பதிவுகளும் சேமிக்கப்படலாம். அதனால்தான் இதைப் பொதுவெளித் தளங்களில் பாவிக்க வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஸகாத் கேட்டு விண்ணப்பித்த ஒரு விதவைத் தாயின் விபரம் யாரோ ஒருவரின் போனில் ஸ்க்ரீன்ஷொட்டாகச் சுற்றினால் அதற்கு யார் பொறுப்பு? அந்தத் தகவல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

"நம்ம ஊர் வெப்சைட்டை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்பார்கள். ஆட்கள் தேடி வர வேண்டியதில்லை. திறந்து கிடக்கும் தளங்களைத் தேடுவதற்கென்றே புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றுக்குச் சின்ன ஊர், பெரிய ஊர் என்ற பேதம் கிடையாது.

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2015இல் அமெரிக்காவின் பேட்ரியன் தளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். பொதுவெளியில் தெரிந்த ஒரு டிபக் பதிப்பின் வழியாகத்தான் நுழைந்தார்கள் என்று அந்நிறுவனமே அறிவித்தது. 20 இலட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயின. லரவெலிலும் 2021இல் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. பிழைகளைக் காட்டும் இக்னிஷன் என்ற பகுதியின் பழைய பதிப்பு இருந்து, டிபக் நிலையும் திறந்திருந்தால், வெளியில் இருக்கும் ஒருவர் சேர்வரில் தன் கட்டளையையே ஓட்டலாம் என்ற நிலை.

இதைச் சரிசெய்ய அதிக நேரம் தேவையில்லை. செய்து தரும் பிள்ளைகளுக்கு:

1. டிபக் பாரை 'டெவ்' பகுதியில் மட்டும் நிறுவுங்கள். சேர்வரில் கொம்போஸரை ஓட்டும்போது 'நோ டெவ்' சேர்த்து ஓட்டுங்கள். அப்போது அது சேர்வருக்கே போகாது.

2. சேர்வரில் உள்ள 'என்வ்' கோப்பில் 'ஆப் டிபக்' என்ற வரி 'ஃபோல்ஸ்' என்றும், 'ஆப் என்வ்' என்ற வரி 'புரொடக்ஷன்' என்றும் இருக்க வேண்டும்.

3. மாற்றிய பின் கொன்ஃபிக் கேஷை அழியுங்கள். இல்லாவிட்டால் பழைய அமைப்பே தொடர்ந்து ஓடும்.

4. ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே பிழை வரவைத்துப் பாருங்கள். 'சேர்வர் எரர்' என்று மட்டும் வந்தால் சரி. கோட் வரிகள் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

5. ஏற்கெனவே திறந்து கிடந்திருந்தால் மூடினால் மட்டும் போதாது. டேட்டாபேஸ், மின்னஞ்சல் பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். சேமிக்கப்பட்ட டிபக் பதிவுகளையும் அழியுங்கள்.

இனி நிர்வாக சபைகளுக்கு. தவறு வந்தால் "பொடியன் சரியாகச் செய்யவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் "வெள்ளிக்கிழமைக்குள் முடி, நோன்புக்கு முன் முடி" என்று நெருக்கியது யார்? கட்டடம் கட்டினால் திறப்பதற்கு முன் வயரிங்கைப் பார்க்க ஆள் வைக்கிறோம். வெப்சைட்டுக்கு மட்டும் ரிபன் வெட்டினால் போதுமா? இலவசமாகச் செய்து தருகிற பிள்ளைக்குச் சோதித்துப் பார்க்க ஒரு வாரம் கொடுங்கள். துறையில் வேலை செய்யும் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு திறந்துவைப்போம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சுகாதாரத் தகவலையும் பிள்ளைகளின் தகவலையும் அது விசேட வகையாகவே பார்க்கிறது. நாம் அவசரத்தில் சேகரிப்பவை பெரும்பாலும் இவையே.

இன்றே உங்கள் சங்கத்தின் வெப்சைட்டைப் போனில் திறந்து, பக்கத்தின் அடிவரை இறங்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் படம் எடுத்து குரூப்பில் போட வேண்டாம். செய்து தந்த பிள்ளைக்குத் தனியாக ஒரு கோல் எடுங்கள்.